முதலாளியின் பாஸ்வேர்டு வேண்டாம்: கூகுள் விளம்பரக் கணக்குகளைச் செயலியோடு இணைப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் சேலைக்கடை, நகைக்கடை, டியூஷன் சென்டர் எனப் பல கடைகளின் கூகுள் விளம்பரக் கணக்குகளை ஒருவரே கவனிப்பதுண்டு. அறிக்கை எடுக்கச் செயலி எழுதுகிறோம் என்றதும் முதலாளி புலனத்தில் பாஸ்வேர்டை அனுப்பிவிடுவார். அதை உடனே அழிக்கச் சொல்லுங்கள். கூகுள் ஏட்ஸ் ஏபிஐக்கு (செயலி விளம்பரக் கணக்கோடு பேசும் வாசல்) ஓஆத் 2.0 டோக்கன்தான் வேண்டும்; பாஸ்வேர்டு இல்லாமலே அனுமதியைக் காட்டும் சீட்டு அது. அதைப் பெற மூன்று வழிகள்: உங்கள் லாகின், சர்வீஸ் அக்கவுண்ட், ஒவ்வொரு முதலாளியின் ஒப்புதல்.

எந்த வழியானாலும் முதலில் ஒரு மேனேஜர் கணக்கு (பல விளம்பரக் கணக்குகளை ஒன்றாகக் கவனிக்கும் கணக்கு) தேவை. ஏபிஐயைப் பயன்படுத்தத் தேவையான டெவலப்பர் டோக்கன் அதன் ஏபிஐ சென்டரில்தான் கிடைக்கும். முதல் இரண்டு வழிகளுக்கு, கடையின் 10 இலக்கக் கணக்கு எண்ணை வாங்கி, மேனேஜர் கணக்கிலிருந்து இணைப்புக் கோரிக்கை அனுப்புங்கள். அட்மின் உரிமை உள்ளவர்தான் அதை ஏற்க முடியும். கணக்கைத் திறந்து கொடுத்த அக்காள் மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போயிருந்தால், முதலில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

எல்லாக் கடைகளும் உங்கள் மேனேஜர் கணக்கின் கீழ் வந்துவிட்டால், உங்கள் ஒரே லாகினில் எடுத்த ரிஃப்ரெஷ் டோக்கன் (புதிய ஆக்சஸ் டோக்கன்களைத் தொடர்ந்து வாங்கித் தரும் சாவி) போதும். இங்கே பலர் சறுக்குவது ஓரிடத்தில்: செயலியைப் பதிவு செய்யும் கூகுள் கிளவுடில் அதன் ஒப்புதல் திரை (அனுமதி கேட்கும் பக்கம்) 'எக்ஸ்டர்னல்' வகையிலும் 'டெஸ்டிங்' நிலையிலும் இருந்தால் அந்த டோக்கன் 7 நாளில் செத்துவிடும். திங்கட்கிழமை ஓடிய செயலி அடுத்த திங்கள் 'இன்வேலிட் கிராண்ட்' என்று நிற்கும். 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றி, புதிய டோக்கன் எடுங்கள்.

இரவில் ஆளில்லாமல் தானாக ஓடும் வேலைக்கு சர்வீஸ் அக்கவுண்டே (ஆளுக்கல்ல, செயலிக்கென்றே உள்ள கூகுள் கணக்கு) மேல். அதன் மின்னஞ்சல் முகவரியை மேனேஜர் கணக்கில் பயனராகச் சேர்த்துவிட்டால் போதும். யாரும் ஒப்புதல் திரையில் 'அலோ' அழுத்த வேண்டியதில்லை, ஊழியர் விலகினாலும் வேலை நிற்காது. அறிக்கை மட்டும் என்றால் 'ரீட் ஒன்லி' உரிமை கொடுங்கள். அதன் ரகசியச் சாவி இருக்கும் ஜேசன் கோப்பை மட்டும் கிட்ஹப் போன்ற நிரல் பகிரும் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

உங்கள் மேனேஜர் கணக்கோடு இணையாத கடைகளுக்கும் செயலியை விற்கப் போகிறீர்களா? அப்போதுதான் ஒவ்வொரு முதலாளியிடமும் தனித்தனியாக ஒப்புதல் வாங்கும் வழி. இதில் வேலை அதிகம். கூகுளின் சரிபார்ப்பு முடியும்வரை 100 பயனர்தான் உச்சம். ஒப்புதல் கேட்கும்போது 'ஆஃப்லைன்' அணுகலை (முதலாளி இல்லாதபோதும் செயலி இயங்கும் அனுமதி) கேட்க மறந்தால் ரிஃப்ரெஷ் டோக்கனே வராது. கையிலிருக்கும் ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். ஒவ்வொரு கடையின் டோக்கனையும் மறையாக்கம் செய்து தனித்தனியே வையுங்கள். ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்டால் அதுவும் செல்லாது.

'யூசர் பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் டோக்கனைக் குறை சொல்லாதீர்கள். முதல் இரண்டு வழிகளில், கோரிக்கையோடு செல்லும் 'லாகின் கஸ்டமர் ஐடி' ஹெடரில் மேனேஜர் கணக்கு எண் இருக்கிறதா, இடைக்கோடுகளை எடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

கடை உங்களை விட்டு விலகினால், முதல் இரண்டு வழிகளிலும் மேனேஜர் இணைப்பைத் துண்டித்தால் போதும். மூன்றாவதில், முதலாளி தம் கூகுள் கணக்கிலிருந்தே செயலியின் அனுமதியை நீக்கலாம். எப்படி என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.