புகையை விட்டவர் தவிப்பிடம் ஏமாறும் இடங்கள்

புகைப்பதை நிறுத்தியவர்கள் செய்யும் முதல் தவறு, தவிப்பு எழுந்தவுடன் அது இனி ஓயவே ஓயாது என்று நம்பிவிடுவதுதான். இழுத்த புகையிலுள்ள, பழக்கத்துக்கு அடிமையாக்கும் நிகோடின் என்ற பொருள் 10 முதல் 20 நொடிகளுக்குள் மூளையை எட்டுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், பழகிய மூளை அடுத்ததைக் கேட்கத் தொடங்குகிறது. புகையை விட்ட முதல் 3 நாட்களில் இந்தத் தவிப்பு கடுமையாக இருந்து, பெரும்பாலானோருக்கு 3, 4 வாரங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு தவிப்பும் தனித்தனி அலை. பெரும்பாலும் சில நிமிடங்களில் அது வடிந்துவிடும்.

குடியாத்தத்தில் நாற்பது ஆண்டுகள் பீடி குடித்த என் பெரியப்பா, அதை விட்ட முதல் வாரத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திண்ணையில் தமக்கு முன்னால் வைத்துக்கொள்வார். தவிப்பு எழுந்ததும் அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இல்லாத பீடியைத் தாமாகவே உருட்டத் தொடங்கும். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு, சொம்புத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பார். ஐந்தாறு நிமிடம் கழித்து, "போயிடுச்சுடா" என்பார். வாழ்நாள் முழுவதையும் அவர் அன்றே வெல்ல முயலவில்லை என்பதுதான் அதில் நான் கண்ட பெரிய பாடம்.

இரண்டாவது தவறு, மன உறுதியை நம்பிப் பழைய இடத்திலேயே போய் நிற்பது. காட்பாடியிலோ வேலூர் லாங் பஜாரிலோ தினமும் நிற்கும் டீக்கடையில், கண்ணாடி டம்ளரின் சூடும், பக்கத்துப் பெட்டிக்கடையில் கனன்று தொங்கும் கயிறும் ஒரு சொல்லும் இல்லாமலே 'ஒரு தம்' என்று அழைக்கும். முதல் மூன்று வாரங்களுக்காவது டீயை வீட்டில் குடியுங்கள்; சாப்பிட்டு முடித்ததும் கைகழுவிய கையோடு நடந்துவிட்டு வாருங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. புகையிலுள்ள சில பொருள்கள் காபியின் காஃபீனை ஈரல் விரைவாக வெளியேற்றும்படி செய்கின்றன. புகையை விட்டபின் அதே அளவு காபி உடலில் நெடுநேரம் தங்குவதால், வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் புகைக்கான தவிப்பென்றே எடுத்துக்கொள்கிறோம். காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

சிகரெட்டுக்குப் பதில் பீடி, பீடிக்குப் பதில் வாயில் அடக்கும் புகையிலை என்று மாறுவது விடுவதாகாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தருவதே.

தவிப்பைத் தணிக்க நிகோடின் சூயிங்கம் வாங்கியவர்கள் பலர் அதைச் சாதாரண மிட்டாய்போல் விடாமல் மென்று, விக்கலும் குமட்டலும் வந்து, "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும்; காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். காபியோ பழச்சாறோ குடித்து 15 நிமிடங்களாவது கழித்துப் போடாவிட்டால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. இதய நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஒரு கல்யாண வீட்டில் தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று மறுநாள் பாக்கெட் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் கொடிய தவறு. மிச்சத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, எந்த நேரத்தில், யாரோடு நின்றபோது கை நீண்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சமாளிக்க முடியாதபோது 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா உதவி எண்ணை அழையுங்கள்.