ஹெட்செட் இல்லாமல் வி.ஆர். நிரல்: தெப்பக்குளத்தைக் கட்டிப் பழகுவோம்

வி.ஆர். எனும் மெய்நிகர் உண்மை மென்பொருள் எழுதக் கண்ணில் மாட்டும் ஹெட்செட்டும் விலையுயர்ந்த கணினியும் வேண்டும் என்றெண்ணி மதுரைக் கல்லூரி மாணவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எச்.டி.எம்.எல். தெரிந்தவருக்குச் சாதாரண மடிக்கணினியே போதும். 2015 இறுதியில் மொசில்லாவின் வி.ஆர். குழு வெளியிட்ட, எச்.டி.எம்.எல். குறிகளாலேயே வி.ஆர். காட்சி அமைக்க உதவும் ஏ-ஃபிரேமையே நான் பரிந்துரைப்பேன். விளையாட்டுகளும் வி.ஆர். காட்சிகளும் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டி வலிமையானது என்றாலும், அதை நிறுவி முடிப்பதற்குள் புதியவரின் ஆர்வம் வடிந்துவிடும்.

ஏ-ஃபிரேம் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் அளவுகள் மீட்டரில் அமையும். வண்டியூர் தெப்பக்குளம் ஏறத்தாழ 305க்கு 290 மீட்டர் என்பதால், அதே அளவில் ஒரு பிளேனை (தட்டைப் பரப்பை) நீர்ப்பரப்பாக வைத்து, அது நிமிர்ந்து நிற்காமல் படுக்கும்படி எக்ஸ் அச்சில் மைனஸ் 90 பாகை திருப்புங்கள். மைய மண்டபத்துக்கு ஒரு பாக்ஸ் (பெட்டி வடிவம்) வையுங்கள். பாக்ஸின் நிலை அதன் நடுப்புள்ளியிலிருந்து கணக்கிடப்படுவதால், அதன் உயரத்தில் பாதியளவு மேலே தூக்காவிட்டால் மண்டபம் பாதி நீருக்குள் போய்விடும்.

பார்ப்பவரின் கண்ணாக இருக்கும் கேமராவைத் தனியே வைக்காமல், பொருள்களை உள்ளே வைக்க உதவும் ஓர் என்டிட்டிக்குள் வைத்து, அந்த என்டிட்டியை இசட் அச்சில் 150க்கு நகர்த்தினால் பார்ப்பவர் கரையில் நிற்பார். சக்கர நாற்காலியில் இருப்பவரின் பார்வை தாழ்ந்திருக்கும் என்பதால், அவருக்கும் அந்த என்டிட்டியையே சற்று உயர்த்தினால் போதும்.

கிளிக் நிகழ்வுக்கு மட்டுமே நிரல் எழுதுங்கள். குறிப்பிட்ட கன்ட்ரோலரின் (கையில் பிடிக்கும் வி.ஆர். கருவியின்) பொத்தானை நம்ப வேண்டாம். மவுஸுக்கு ஒரு கர்சரையும், கன்ட்ரோலருக்கு, அதிலிருந்து கதிர் நீட்டிச் சுட்டும் லேசர்-கன்ட்ரோல்ஸையும், கையால் எதையும் பிடிக்க இயலாதவருக்குக் கேமராவுக்குள், பார்வையாலேயே கிளிக் செய்யும் ஃபியூஸ் கர்சரையும் வைத்தால், மூன்றும் அதே கிளிக்கைத்தான் எழுப்பும். ஃபியூஸ் கர்சரில், மண்டபத்தை 1500 மில்லிவினாடி உற்றுப் பார்த்தாலே கிளிக் ஆகிவிடும். கழுத்தை அசைக்கச் சிரமப்படுவோருக்கு அந்நேரத்தை மாற்றிக்கொடுங்கள்.

பலரும் திணறுவது, என்னையும் வெகுநேரம் நிறுத்திவைத்தது, போனில் சோதிக்கும் கட்டம்தான். கணினியில் நன்றாக ஓடும் பக்கம், வைஃபை வழியே கணினியின் ஐ.பி. முகவரியில் திறந்தால் வி.ஆருக்குள் நுழையாது. ஏனெனில், உலாவியில் வி.ஆரை இயக்கும் வெப்எக்ஸ்ஆர், பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். முகவரியிலோ லோக்கல்ஹோஸ்ட்டிலோ (அந்தக் கருவி தன்னையே குறிக்கும் முகவரியிலோ) மட்டுமே இயங்கும். ஆண்ட்ராய்டு போனில், டெவலப்பர் அமைப்புகளில் உள்ள யு.எஸ்.பி. டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, கணினியின் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்துக்கு (chrome://inspect) சென்று, போர்ட் ஃபார்வர்டிங்கில் உங்கள் சர்வரின் போர்ட்டைக் கொடுங்கள். பிறகு போனிலும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியே திறக்கும்.

பின்சேர்க்கை: ஐபோனில் காட்சி திரும்பவில்லை என்று திருமங்கலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அசைவுணரியைப் பயன்படுத்த அங்கே அனுமதி கேட்கப்படும், அதற்கும் எச்.டி.டி.பி.எஸ். தேவை. கோப்புகளை, இணையப் பக்கங்களை வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் எச்.டி.டி.பி.எஸ். முகவரி செலவின்றிக் கிடைக்கும்.