புதைத்த கார்பன் கசிந்தால் யார் தலையில் விழும்? சட்டத்தில் தேடுவது எப்படி

கார்பன் சேமிப்பு, அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைக்கும் திட்டம் எதன் ஆவணமாவது கையில் கிடைத்தால், எத்தனை லட்சம் டன் புதைக்கப் போகிறார்கள் என்ற பக்கத்தைத் தள்ளிவிட்டு, வாயுவைச் செலுத்திய கிணற்றை மூடிய மறுநாள் என்ன ஆகிறது என்பதிலிருந்து படியுங்கள். வாயு நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும், கம்பெனி அத்தனை காலம் இருக்காது.

முதலில், பொறுப்பு எப்போது கைமாறுகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 ஆணையில் இது 18ஆம் பிரிவு. மூடிய பிறகு குறைந்தது 20 ஆண்டு கம்பெனியே பார்த்துக்கொள்ள வேண்டும், வாயு வெளியே வராது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும், அப்புறம்தான் அரசு ஏற்கும். ஆனால் அதே வரியில் ஒரு சின்ன வாசலும் உண்டு: அதிகாரிகளுக்கு முன்பே நம்பிக்கை வந்துவிட்டால் 20 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் 2010 விதி பொதுவாக 50 ஆண்டு கண்காணிப்பு கேட்கிறது, பொறுப்பை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. வடக்கு டகோட்டா மாநிலமோ, வாயு செலுத்துவது நின்று 10 ஆண்டு கழித்துச் சான்றிதழ் கொடுத்துத் தானே ஏற்றுக்கொள்கிறது.

அடுத்தது, கைமாறுவது எந்தப் பொறுப்பு? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கசிவு ஒன்றுதான், பில் இரண்டு. ஐரோப்பாவில் கசிந்த ஒவ்வொரு டன்னுக்கும் உமிழ்வு அனுமதி (ஒரு டன் வாயுவை வெளிவிடச் சந்தையில் வாங்கும் உரிமை) வாங்கிக் கட்ட வேண்டும், அதுவும் கசியும் காலத்து விலையில். 2060இல் அது என்ன விலை விற்கும் என்று இன்றைக்கு யார் சொல்வது? இன்னொன்று, பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்று நீர் கெட்டால் தர வேண்டிய நஷ்டஈடு. ஐரோப்பிய ஆணை முதல் பில்லை அரசிடம் மாற்றுகிறது, இரண்டாவதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் எரிவாயு எடுக்கும்போது வரும் கார்பனைப் புதைக்கும் கோர்கன் திட்டத்தில் இதற்கு நேர்மாறாக, மற்றவர்கள் வழக்குப் போட்டால் வரும் நீண்டகால நஷ்டஈட்டையே மத்திய அரசு 80 சதவீதமும் மேற்கு ஆஸ்திரேலிய அரசு 20 சதவீதமும் ஏற்க ஒப்புக்கொண்டன.

பணத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் கைமாறும்போது கம்பெனி கட்டும் தொகை குறைந்தது 30 ஆண்டுக் கண்காணிப்புக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். 31ஆம் ஆண்டு? வரி கட்டுகிறவர்தான்.

சரி, கைமாறிய பிறகு கம்பெனி தப்பித்ததா? முழுதாக இல்லை. தகவலை மறைத்ததோ அலட்சியமோ தெரியவந்தால் அரசு செலவை அவர்களிடமே திரும்ப வாங்கலாம். அதை நிரூபிக்கப் பழைய அளவீடுகள் வேண்டும். ஆகவே உங்கள் நிலம் பக்கத்தில் இருந்தால், முதல் டன் கீழே இறங்குவதற்கு முன்பே கிணற்று நீரைச் சோதித்து, தேதி போட்ட அறிக்கையை வாங்கிப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.