பழ ஈயை விரட்டுவதில் நாம் செய்யும் தவறுகள்

போன மாம்பழ சீசனில் அடுப்படியெல்லாம் குட்டி ஈக்கள். கொசுவலை மூடியும் பயனில்லை என்று உரக்கடைக்குப் போய், பழ ஈக்குப் பொறி இருக்கிறதா என்று கேட்டேன். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மருந்தில் ஊறிய மரக்கட்டை. பத்து நாள் தொங்கவிட்டும் ஒன்றுகூட விழவில்லை.

கடைக்காரர் மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார். மாந்தோப்பில் காயைத் துளைத்து முட்டையிடுகிற பழ ஈ வேறு. வாழைப்பழச் சீப்பைச் சுற்றுகிற ஈ வேறு. மாம்பழத்தை நறுக்கும்போது நெளிகிற வெள்ளைப் புழு தோட்டத்து ஈயின் பிள்ளை. கட்டையில் ஊறியிருக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனை மருந்து அந்த இனத்து ஆண் ஈக்களைத்தான் இழுக்கும். வீட்டுக்குள் பழத்தைச் சுற்றுகிற ஈக்கு டிரோசோபிலா என்று பெயர். சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு உடம்பு, உற்றுப் பார்த்தால் சிவந்த கண். பாத்ரூம் சுவரில் மயிர் படர்ந்த இறக்கையோடு அந்துப்பூச்சி போல ஒட்டியிருந்தால் அது சாக்கடை ஈ. தொட்டிச் செடியின் ஈர மண்ணிலிருந்து கிளம்புகிற கறுத்த, கால் நீண்ட பூச்சி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பழத்தை ஒளித்துவைத்துப் பயனில்லை.

அடுத்து நாம் நீட்டுவது கொசு மருந்து ஸ்பிரே. பறக்கிறவை செத்து விழும், மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். அழுகிய பழத்துக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. சோற்றுப் பானை மேல் மருந்து படிந்ததுதான் மிச்சம். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளில் முட்டை பொரிந்து, பத்து நாளுக்குள் புது ஈ பறந்துவிடும். இதே ஈயைப் பால் பாட்டிலில் வாழைப்பழம் போட்டு வளர்த்து ஆராய்ந்த மரபியல் விஞ்ஞானி தாமஸ் ஹன்ட் மார்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் அதே வசதியைச் சும்மா செய்து தருகிறோம்.

பழத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இந்த ஈக்கு வேண்டியது புளித்த வாசனை, கொஞ்சம் ஈரம். இட்லி மாவுப் பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்த வழிசல், கிரைண்டருக்கு அடியில் சிந்திய மாவு, கூடையின் அடியில் நசுங்கிய ஒரே ஒரு வெங்காயம், சாமி படத்துக்கு முன் மறந்துபோன வாழைப்பழம், பழைய பேப்பர்காரருக்காகச் சேர்த்த கழுவாத பால் கவர், பிழிந்து மூலையில் சாத்திய மாப். எங்கள் வீட்டில் கடைசியில் பிடிபட்டது கிரைண்டரின் அடிப்பக்கம்!

சிங்க் மேல் சந்தேகமா? ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும், காற்று போக இடைவெளி விட்டு, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி வடிகால் வாயில் டேப் ஒட்டுங்கள். காலையில் அதில் ஈ ஒட்டியிருந்தால் உள்ளே குடியிருக்கிறது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பிவிசி குழாய் நெளியலாம். குழாயில் படிந்த வழுக்கலும் முழுதாகப் போகாது. பிரஷ் விட்டுத் தேய்த்தால்தான் போகும்.

பொறி வைக்கிறவர்களும் சறுக்குவது உண்டு. வெறும் வினிகர் வைத்தால் ஈ அதன்மேல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டால் மூழ்கும். ஒரு சொட்டு போதும், நுரை பொங்கினால் வாசனை அமுங்கிவிடும். கடையில் கிடைக்கிற வெள்ளை வினிகர் மட்டும் அவ்வளவாக இழுக்காது. கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றை அதில் முழுக மசித்துவிடுங்கள். துண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே முட்டையிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கொட்டிப் புதிதாக வையுங்கள்.

நாலு நாளில் ஈ குறைந்ததும் பொறியை எடுத்துவிடுகிறோம். கூட்டுப்புழுக்கள் மிச்சமிருக்கும், அடுத்த வாரம் மறுபடி கிளம்பும். இரண்டு வாரம் விடாமல் வைக்க வேண்டும். அதுவரை கனிந்த பழம் ஃபிரிட்ஜுக்குள் இருக்கட்டும். வாழைப்பழத்தின் தோல் கறுக்கும், உள்ளே சாப்பிட நன்றாகவே இருக்கும்.