ஆறு கணினியில் ஆறு நிறம்: இணையம் வழியே ஓவியமும் புகைப்படமும் கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. எங்கள் கம்ப்யூட்டர் லேபில் வேலை செய்பவை ஆறு கணினிகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறு குழுவாக உட்காரவைத்து, பழைய டச்சு ஓவியர் ஃபெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண்ணின் ஓவியத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். ஒரு திரையில் பின்சுவர் வெள்ளையாக இருந்தது, அடுத்ததில் மஞ்சள் பூசிய மாதிரி. இன்னொன்றில் அவள் கட்டியிருந்த நீல ஏப்ரன் ஏறக்குறைய பச்சை. கடைசிக் கணினியில் படம் இடம் வலமாகத் திரும்பியே இருந்தது. "மிஸ், இதுல எது நிஜம்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கு எடுக்க நினைத்த பாடத்தை விட்டுவிட்டு அந்தக் கேள்வியையே பாடமாக எடுத்தேன்.

அந்த ஓவியம் இருப்பது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில். அவர்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. மஞ்சள் தட்டிய பிரதிகள் 10,000-க்கும் மேல் இணையத்தில் உலவுவதை அவர்களே கண்டறிந்தார்கள். மியூசியம் கடையில் சரியான நிறத்தில் அச்சிட்டு வைத்திருந்த அஞ்சலட்டையைப் பார்த்தவர்கள், அது அசலின் நிறம் என்றே நம்ப மறுத்தார்கள். தரமான படத்தைத் தாங்களே இலவசமாக வெளியிட்டால்தான் சரிப்படும் என்று அந்த மியூசியம் முடிவெடுக்க இதுவும் ஒரு காரணம்.

எனவே, தேடலில் முதலில் வந்து விழும் படத்தை அப்படியே எடுத்து வகுப்பில் போடாதீர்கள். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. அசல் எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த மியூசியத்தின் பக்கத்துக்கே போய்ப் படத்தை எடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் 2017-லும், கிளீவ்லாந்து மியூசியம் 2019-லும் காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டன. சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிடியூட்டும் அப்படியே. பலரும் படங்களை ஏற்றிவைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் எடுத்தால், படத்துக்குக் கீழே மூலம் எது என்று எழுதியிருக்கும் வரியைப் படிக்காமல் எடுக்க வேண்டாம். ஒரே ஓவியத்துக்கு அங்கே பத்துப் படங்கள் இருக்கும். மியூசியமே கொடுத்தது அதில் ஒன்றோ இரண்டோதான். இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த "ஃபெர்மீர் மாதிரி" படங்களும் தேடலில் கலந்து வருகின்றன. பிள்ளைகளால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. அவசரத்தில் நமக்கும் முடியாது.

நிறத்தை விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அளவு. புரொஜெக்டர் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. டாலியின் உருகும் கடிகாரங்களும் பிக்காசோவின் குவெர்னிகாவும் அடுத்தடுத்த ஸ்லைடில் ஒரே அகலத்தில் வருகின்றன. டாலியின் ஓவியம் 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம், ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. குவெர்னிகா 3.49 மீட்டர் உயரம், 7.77 மீட்டர் அகலம். இந்த எண்களைப் பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஒரு நூல்கண்டை எடுத்துப் போய் வராந்தாவில் அளக்கச் சொன்னேன். ஏனென்றால் எங்கள் வகுப்பறைச் சுவர் 20 அடிதான்; குவெர்னிகாவுக்கு இருபத்தைந்தரை அடி வேண்டும். நூலின் ஒரு முனையைப் பிடித்தவன் தண்ணீர்த் தொட்டியருகே நின்றான், மறுமுனைக்காரி அடுத்த வகுப்பின் வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். உயரத்துக்குப் பெஞ்சின் மேல் ஏறியும் கை எட்டவில்லை. பிறகு டாலியின் அளவுக்கு சார்ட் பேப்பரில் வெட்டிய துண்டை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். "இவ்ளோ குட்டியா?" என்று கேட்டுவிட்டு அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார்கள். அந்த ஓவியத்தைப் பார்க்கும் முறையும் அதுதான், கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதன்பின் எந்த ஸ்லைடும் அளவு எழுதாமல் என் வகுப்பில் வந்ததில்லை.

மியூசியம் பக்கங்களில் உருப்பெருக்கும் வசதி இருக்கிறது. ரெம்பிராண்ட் 1642-ல் வரைந்த 'இரவுக் காவல்' ஓவியத்தை 8,439 தனித்தனிப் படங்களாக எடுத்து இணைத்து, 71,700 கோடி பிக்சல் கொண்ட ஒரே படமாக 2022-ல் ரைக்ஸ்மியூசியம் வெளியிட்டது. வண்ணத்தில் விழுந்த வெடிப்புவரை தெரியும். அருமையான கருவி. ஆனால் எடுத்தவுடன் உள்ளே புகுந்துவிடுகிறோம். முழு ஓவியத்தை இரண்டு நிமிடமாவது பேசாமல் பார்க்கவிட்டு, அதன் பிறகு பெருக்குங்கள்.

சிற்பத்துக்கு வருவோம். இங்கேதான் சென்னை ஆசிரியர்கள் கைக்கெட்டிய செல்வத்தை விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம். நடராஜரைப் பற்றிப் பாடம் எடுக்க, முன்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தைப் போட்டுக் கைகளை எண்ணச் சொல்லி முடித்துவிடுகிறோம். வெண்கலச் சிற்பம் சுற்றிவந்து பார்ப்பதற்கானது. முதுகின் வளைவு, பின்னால் விழும் சடை, முன்னால் நீட்டிய கை உடலைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது, இவை எதுவும் ஒற்றைப் படத்தில் வராது. பீடத்தில் இருக்கும் துளைகளும் வளையங்களும் எதற்கு என்று கேளுங்கள். கழி செருகிக் கட்டித் தூக்கிப் போவதற்கு. இவை உற்சவ மூர்த்திகள். பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. பட்டும் பூமாலையும் சாத்தி முகம் மட்டும் தெரிய வீதியுலா வரும் சாமியும், வெளிநாட்டு மியூசியத்தின் கறுப்புப் பின்னணியில் வெறும் உடம்போடு நிற்கும் 'கலைப்பொருளும்' ஒன்றுதான் என்று புரிந்த நாளில் என் வகுப்பில் எழுந்த கேள்விகளுக்கு ஒரு பீரியட் போதவில்லை.

அதே வடிவத்தில் ஒரு நடராஜர் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் பக்கத்திலும் உண்டு, உயரம் 68.3 செ.மீ. அதை முந்தின நாள் திரையில் பார்த்துவிட்டு மறுநாள் எழும்பூர் மியூசியத்துக்குப் போனால், பிள்ளைகளின் கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் 'செத்த காலேஜ்' என்று கூப்பிட்ட இடம் அது, 1851-ல் தொடங்கியது. நம் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் தூரம்.

மியூசியம் பக்கத்தில் ஆசிரியர்கள் படிக்காமல் தாண்டிப் போகும் ஒரு பகுதி, அந்தப் பொருள் யார் யார் கை மாறி அங்கே வந்தது என்ற வரலாறு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கியது. 2014-ல் இந்தியாவிடம் திருப்பித் தந்தது. இப்படிக் களவுபோன சிலைகளை அடையாளம் காண உதவியவற்றில் முக்கியமானது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படங்கள். ஒரு ஆவணப் படத்துக்கு என்ன வலிமை என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

வீடியோ பார்த்து வரையவைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "மயில் வரைவது எப்படி" என்று ஓடவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடும், உண்மை. நாற்பது நிமிடம் கழித்து 38 தாளிலும் ஒரே மயில் இருக்கும், ஒரே பக்கம் திரும்பி. அடுத்த வகுப்பில் மயிலை இடப்பக்கம் திருப்பி வரையச் சொன்னேன், மூன்று பேரால்தான் முடிந்தது. இப்போது நான் வீடியோவை ஒரே ஒரு நுட்பத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்: தூரிகையில் எவ்வளவு தண்ணீர் எடுப்பது, கரியை விரலால் எப்படித் தேய்ப்பது, இப்படி. இரண்டு நிமிடம் காட்டிவிட்டு நிறுத்திவிடுவேன்.

தானியங்கித் தமிழாக்கத்தை அப்படியே நம்புவதும் ஆபத்து. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசைப் பற்றிய ஆங்கிலப் பாடம் ஒன்றை மென்பொருள் தமிழாக்கித் தந்தது. ரிலீஃப் என்ற சொல் 'நிவாரணம்' ஆகி, பாறை முழுக்க 'நிவாரணச் சிற்பம்' என்று வந்தது. புடைப்புச் சிற்பம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை நாம் படித்துவிட்டால் போதும்.

புகைப்பட வகுப்பில் நிலைமை இன்னும் சிக்கல். இணையப் பாடங்கள் பெரும்பாலும் கேமரா வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பிள்ளைகள் கையில் இருப்பது அப்பாவின் போன். கேமராவில் பின்னணியை மங்கவைக்க உதவுவது லென்ஸின் துளை; பெரும்பாலான போன்களில் அதை மாற்ற முடியாது. போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்குவது கணக்குப் போட்டு மங்கவைப்பது. இது தெரியாமல் துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ என்ற அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்தால், பிள்ளை தன் போனில்தான் ஏதோ குறை என்று நினைக்கும். என்னிடம் படிக்கும் ஒரு பையன், தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் பாட்டியைப் படம் எடுத்தான். மேலே கட்டியிருந்த நீல தார்ப்பாயால் பாட்டியின் முகம் முழுக்க நீலம். வீடியோவில் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தால் ஏறும் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை, மாற்றச் சொன்னார்கள் என்று போனில் அந்த அமைப்பைத் தேடிக்கொண்டே இருந்தானாம். கடைசியில், "ஆயா, ரெண்டு அடி முன்னாடி வா" என்றிருக்கிறான். தார்ப்பாயின் விளிம்புக்கு வந்ததும் காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, தோலின் நிறம், கன்னச் சுருக்கம், மூக்குத்தியின் மினுக்கு எல்லாம் வந்துவிட்டன. அந்த இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் இப்போது ஒளியைப் பற்றிய முதல் வகுப்பை எடுக்கிறேன். சென்னையில் உச்சிவெயில் தலைக்கு மேல் நின்று கண்குழியில் நிழல் போடும். காலை ஏழு மணி வெளிச்சத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எந்த நேரத்தில் எந்த அமைப்பில் எடுத்தது என்ற தகவலும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தகவலில் எடுத்த இடமும் இருக்கலாம் என்பதால், பிள்ளைகளின் படங்களைப் பொதுவெளியில் போடும் முன் அதை நீக்கிவிட வேண்டும். பெற்றோரின் அனுமதி இல்லாமல் போடவே வேண்டாம்.

புகைப்பட வரலாறு என்றால் பாரிஸிலும் நியூயார்க்கிலும் மட்டும் நடந்தது போல இணையப் பாடங்கள் போகும். மெட்ராஸில் 1856-லேயே புகைப்படச் சங்கம் இருந்தது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-ல் வெளியிட்ட தஞ்சாவூர், மதுரைப் படங்கள் இன்று பிரிட்டனின் பெரிய சேகரிப்புகளின் பக்கங்களில் கிடைக்கின்றன. காகித நெகட்டிவ்களில் எடுத்தவை. வானம் வெறுமையாக விழுந்ததால் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார் அவர். எடிட்டிங் நேற்று வந்ததில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இது ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பழைய மெட்ராஸ்' வண்ணப் படங்களை மட்டும் வரலாறாகக் காட்டிவிட வேண்டாம். கறுப்பு வெள்ளைக்கு மென்பொருள் ஊகித்துப் பூசிய நிறம் அது.

ஓவிய வரலாற்றிலும் இதே கதைதான். கலை வரலாறு சொல்லும் ஸ்மார்ட்ஹிஸ்டரி போன்ற நல்ல தளங்களை நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றின் வரிசையையே நம் பாடத்திட்டமாக்கினால், பிரெஞ்சு ஓவியர் மோனேவைத் தெரிந்த பிள்ளைக்கு நம் ஊர் ஓவியர் பணிக்கரைத் தெரியாது. எழும்பூர் ஓவியக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. அதன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவின் உழைப்பாளர் சிலை, 1959-ல் திறந்தார்கள். அடுத்து முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். இவர்களைப் பற்றி இணையத்தில் கிடைப்பது குறைவு. அதனாலேயே நாம் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக உரிமை. இணையத்தில் கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். 1906-ல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களுக்குத் தடையில்லை; 1977-ல் மறைந்த பணிக்கரின் படைப்புகளுக்கு 2037 முடியும் வரை உரிமை உண்டு. பாடம் நடத்தும்போது காட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதே படத்தைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி கேளுங்கள். சிலை எவ்வளவு பழையதாக இருந்தாலும் அதைப் படமெடுத்தவருக்குத் தன் படத்தின் மேல் உரிமை இருக்கலாம்.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போக வேண்டாம். பென்சில், தாள், அளவு பார்க்க ஒரு நூல்கண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிலைமேல் நூல் படக் கூடாது. எதிரே ஒரு பிள்ளையை நிற்கவைத்து, சிலையின் உயரம் அவனுக்கு எதுவரை வருகிறது என்று அவன்மேல் அளந்துகொள்ளலாம்.