கேஜ் புலத்துக்குச் சுழற்சிச் சமச்சீர்மை உண்டா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

கேஜ் புலம் என்பது மின்காந்தப் புலம் போல ஒரு பொட்டன்ஷியலால் விவரிக்கப்படும் புலம். லீ வகைக்கெழு (சுழற்சியோடு நகரும்போது ஏற்படும் மாற்ற வீதம்) எடுத்துப் பார்த்து, பொட்டன்ஷியல் மாறியதும் சமச்சீர்மை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அந்த மாற்றத்தை ஒரு கேஜ் மாற்றம் (இயற்பியல் விளைவு மாறாமல் பொட்டன்ஷியலை வேறுவிதமாக எழுதுவது) ஈடுகட்டினால் போதும். 1931இல் டிராக் முன்வைத்த காந்த ஒருமுனையில் (தனித்து நிற்கும் ஒரே காந்த முனை) இதைச் செய்து பார்க்கலாம். ஒருமுனையின் காந்த மின்னூட்டம் γ, அதன் புலத்தில் இயங்கும் துகளின் மின்னூட்டம் ε. பிளாங்க் மாறிலியும் ஒளிவேகமும் 1.

முதலில் ஒருமுனையைச் சூழ்ந்த கோளத்தை இரண்டு பகுதிகளாகப் பிரியுங்கள். θ வடமுனையிலிருந்து அளக்கும் கோணம், φ மூன்றாம் அச்சைச் சுற்றிய கோணம். பொட்டன்ஷியல் α-வின் φ-கூறு வடக்கில் γ(1 − காஸ் θ), தெற்கில் −γ(1 + காஸ் θ). வடக்குச் சூத்திரம் தென்முனையில் 2γ ஆகிறது. அங்கே φ-க்கே பொருளில்லை என்பதால் ஒரே சூத்திரம் முழுக் கோளத்துக்கும் போதாது. இரண்டுக்கும் வித்தியாசம் 2γ. துகளின் அலைச்சார்பில் இந்த வித்தியாசம் தரும் கட்டக் காரணி ஒருமதிப்பாக இருக்க 2εγ முழு எண்ணாக வேண்டும். புல வலிமை Ω-வின் (α-வின் வகைக்கெழுக்களிலிருந்து கிடைக்கும் காந்தப்புலம்) θφ-கூறு இரு பகுதியிலும் γ சைன் θ.

அடுத்து, முதல் அச்சைச் சுற்றிய சுழற்சியின் வெக்டர் புலம் ξ (ஒவ்வொரு புள்ளியும் நகரும் திசையும் வேகமும்): θ-கூறு −சைன் φ, φ-கூறு −காட் θ காஸ் φ. இதை Ω-வின் முதல் இடத்தில் நிரப்புங்கள். கிடைக்கும் கூறுகள் γ காஸ் θ காஸ் φ, −γ சைன் θ சைன் φ. இவை μ = γ சைன் θ காஸ் φ என்ற சார்பின் பகுதி வகைக்கெழுக்களே. ஆகவே சமச்சீர்மை உண்டு. ஈடுகட்டும் கேஜ் சார்பு λ = μ + α(ξ); α(ξ) என்பது α-வில் ξ-ஐ நிரப்பிய மதிப்பு. வடக்கில் சுருக்கினால் γ டேன்(θ/2) காஸ் φ, தென்முனையில் வெடிக்கும். அங்கே γ காட்(θ/2) காஸ் φ-ஐப் பயன்படுத்துங்கள். λ பகுதிக்குப் பகுதி மாறினாலும் μ மாறுவதில்லை. நோதர் கணக்கில் (ஒவ்வொரு தொடர் சமச்சீர்மைக்கும் ஒரு மாறா அளவு உண்டு என்ற தேற்றம்) மாறாமல் நிற்கும் அளவு, துகளின் இயக்கக் கோண உந்தத்திலிருந்து εμ-வைக் கழித்தது.

மூன்றாம் அச்சில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அங்கே α மாறவே இல்லை, எனவே λ = 0 என்று எழுதத் தோன்றும். அப்படிச் செய்தால் வடக்கில் μ = γ காஸ் θ − γ ஆகிவிடும்; மூன்று கோண உந்தங்களின் பாய்ஸான் அடைப்பு உறவுகள் (இரண்டை இணைத்தால் மூன்றாவது கிடைக்க வேண்டும் என்ற விதிகள்) உடையும். சரியான விடை μ = γ காஸ் θ; வடக்கில் λ = γ, தெற்கில் −γ. μ-வில் கூட்டக்கூடிய மாறிலியை இந்த உறவுகளை வைத்தே தீர்மானியுங்கள்.

யாங்–மில்ஸ் புலங்களுக்கு (பொட்டன்ஷியல் எண்ணாக இல்லாமல் அணியாக இருக்கும் கேஜ் புலங்கள்) Ω மாறாமலிருக்கிறதா என்ற சோதனை உதவாது, கேஜ் மாற்றத்தில் Ω-வே மாறிவிடும். அங்கே சாதாரண வகைக்கெழுவின் இடத்தில் இணைமாறு வகைக்கெழுவை (பொட்டன்ஷியலையும் சேர்த்துக்கொண்ட வகைக்கெழு) போட்டு, ξ-ஐ நிரப்பிய Ω-வுக்கு அதே வகையில் ஒரு μ கிடைக்கிறதா என்று தேடுங்கள். ஃபோர்காச்சும் மான்டனும் 1980இல் இந்த வழியைத்தான் வகுத்தார்கள்.