வெள்ளக்கோடு: பழைய நிலைக்கட்டையில் கல் பதித்த குடுவை கடைவது எப்படி?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழைக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. தண்ணீர் வடியும்போது வண்டல் விட்டுப்போன கோடு அது. ஒரு தடவை வெள்ளையடித்தால் மறைந்துவிடும். அந்த மட்டத்தை அளவு பிசகாமல் ஒரு சின்னக் குடுவையில் கல்லாகப் பதித்து வைப்பதற்கான செய்முறை இது. குடுவையின் உயரம் வீட்டுச் சுவர். அதைச் சுற்றி ஓடும் வெள்ளை வளையம் தண்ணீர் நின்ற மட்டம். திருநெல்வேலியில் ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை முழுகியிருக்கிறது என்று பார்த்தே ஆற்றின் அளவைச் சொல்லிவிடுகிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்.

கடைசல் இயந்திரத்தில் ஒரு பூரிக்கட்டையாவது கடைந்து பழகியவராக இருந்தால் போதும். கல் பதித்த அனுபவம் தேவையில்லை.

முதலில் கணக்கு

தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரின் உயரத்தால் வகுத்து, குடுவையின் உயரத்தால் பெருக்குங்கள். சுவர் 300 செ.மீ., தண்ணீர் 105 செ.மீ., குடுவை 200 மி.மீ. என்றால் கோடு அடியிலிருந்து 70 மி.மீ. உயரத்தில் வரும். இதில் பலரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. இயந்திரத்தின் சக் (கட்டையைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிடிக்க விட்டிருக்கும் துண்டையும் சேர்த்து அளந்துவிடுவார்கள். அது கடைசியில் அறுத்து எறியப்படும் பகுதி. குடுவையின் உண்மையான அடி எங்கே வரும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து அளவெடுங்கள்.

1992 நவம்பர் வெள்ளத்தின் மட்டமும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும் என்றால் இரண்டு கோடு போடலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும். அதைவிடக் குறுகினால் நடுவில் நிற்கும் மரம் இழை தெறித்துப் பெயர்ந்துவிடும்.

கட்டை

வெள்ளத்தில் சாய்ந்த பச்சை மரத்தைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம். பச்சை மரம் காயும்போது வளையத்தின் போக்கில் ஒரு அளவும், நடுவிலிருந்து வெளிநோக்கி ஏறக்குறைய அதில் பாதியும் சுருங்கும். வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகிவிடும். கல் சுருங்காது. ஆகவே பதித்த வளையம் விரிசல் விடும், அல்லது துண்டு துண்டாகத் தெறித்து விழும்.

நல்லது, இடிந்த வீட்டின் நிலைக்கால். பல ஆண்டு காய்ந்து அடங்கிய மரம் அது. அந்தக் கோடு விழுந்த கட்டையே கிடைத்தால் இதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. பூவரசின் வைரம் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) கரும்பழுப்பாக இருப்பதால் வெள்ளைக் கல் அதில் எடுத்துக்காட்டும். வேம்பு, தேக்கும் ஆகும். 75 × 75 மி.மீ. குறுக்களவில் 240 மி.மீ. நீளத் துண்டு எடுங்கள். வைரம் மட்டும் இருக்கட்டும். ஓரத்து வெள்ளையில் பூச்சி ஏறியிருக்கும்.

வெள்ளநீரில் ஊறிய கட்டை என்றால் இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் வெடிப்புகளில் மணல் தங்கியிருந்தால் உளியின் முனை பத்து நிமிடத்தில் மழுங்கும். பிறகு நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் கட்டை காய்ந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் பதிக்காதீர்கள். அப்போது ஈரம் குடித்திருக்கும் மரம் ஆனி, ஆடி மேல்காற்றில் சுருங்கி, கல்லுக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை போல ஒரு கீற்று திறந்துகொள்ளும். மாசிக்குப் பிறகு செய்வது உத்தமம்.

கல்

எந்தக் கல் என்பதில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பதித்த பிறகு அதை மரத்தோடு சேர்த்துச் சமமாக்க வேண்டுமே! ஆற்று மணல், தேரி எனும் செம்மணல் மேட்டு மணல் இரண்டுமே பெரும்பாலும் குவார்ட்சு. கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 7. உளி ஏறாது, அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு. உவரிப் பக்கத்துக் கடற்கரைச் சிவப்பு மணலில் இருக்கும் கார்னெட் அதே அளவு கடினம். அதையே ஒட்டித்தான் ஒருவகை உப்புத்தாள் செய்கிறார்கள். அந்த மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கும், அதை அள்ளவும் தடை இருக்கிறது. தொடவே வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது கால்சைட்டு என்ற கனிமம். கடினம் 3. பளிங்குக்கல் கடையில் கழிவாகக் கிடக்கும் வெள்ளைத் துண்டு போதும். சிமென்ட் ஆலைக்குப் பேர்போன தாழையூத்து வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லும் இந்த இனம்தான். இரும்பு ஆணியால் கீறினால் கோடு விழ வேண்டும்; பொடித்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைக்க வேண்டும். இரண்டும் நடந்தால் அது கால்சைட்டு. கடையில் பளிங்கு என்று தரும் குவார்ட்சு கலந்த செயற்கைப் பலகை கீறலே வாங்காது.

அளவு: 70 மி.மீ. விட்டக் குடுவையில் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழப் பள்ளம் என்றால் மொத்தக் கொள்ளளவு சுமார் 2 கன செ.மீ. அதற்குள் 3 கிராம் கல்தான் அடங்கும். சிந்துவது, மேலே குவிப்பது எல்லாம் சேர்த்து 10 கிராம் இடித்துக்கொள்ளுங்கள்.

இரும்பு உரலில் கல்லைப் போட்டு, தூசி எழாமல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து இடியுங்கள். காயவைத்து மூன்றாகப் பிரியுங்கள்: 1.5 மி.மீ. குறுணை, ரவை, மாவு. தேநீர் வடிகட்டியும் மெல்லிய துணியும் சல்லடைக்குப் போதும். N95 முகக்கவசம் இடிக்கும்போதும் தேய்க்கும்போதும் கழற்றக் கூடாது.

இன்னொன்று ஒரு தேக்கரண்டி வண்டல். வீட்டில் தேங்கிய வெள்ள வண்டலே இருந்தால் அதையே எடுங்கள். அதில் சாக்கடையும் கலந்திருக்கும் என்பதால் வீட்டுக்கு வெளியே, சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய வாணலியில் நன்றாக வறுத்துச் சலியுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

கடைதல்

வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு கட்டாயம். கட்டையை இரு முனைகளுக்கு நடுவே பிடித்து, நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றில் மூலைகளைத் தட்டி உருளையாக்குங்கள். உருண்டதும் 1500க்கு ஏற்றலாம். ஒரு முனையில் 50 மி.மீ. விட்டம், 7 மி.மீ. நீளத்தில் சக் பிடிக்க மொட்டு விட்டு, திருப்பி மாட்டுங்கள்.

உருவத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அடியில் 55, கோடு வரும் இடத்தில் 70, கழுத்தில் 35 மி.மீ. என மெல்ல இறங்கினால் போதும். கோடு வருமிடம் மேல்கீழாக 8 மி.மீ. வரை ஏறக்குறைய நேராக இருக்கட்டும். சரிவில் பள்ளம் வெட்டினால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழமின்றியும் போகும். மேலிருந்து 25 மி.மீ. விட்டத் துளை 120 மி.மீ. ஆழம் போட்டால் உலர்ந்த பூ செருகலாம். இது தண்ணீர் ஊற்றும் குடுவை அல்ல.

உப்புத்தாளில் 240 எண் வரை தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். பள்ளம் வெட்டுவதற்கு முன்பே பூச வேண்டும். பூசாவிட்டால், கல் பதிக்கும்போது விடும் மெல்லிய பசை மர இழை வழியே ஓடிக் கோட்டின் இருபுறமும் கறை பிடிக்கும். அந்தக் கறை போகவே போகாது.

இப்போது பள்ளம். 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு பென்சில் கோடு. சாய்முனை உளியின் நுனியால் இரண்டையும் முதலில் கீறி இழையை அறுத்துவிட்டு, பிறகு 3 மி.மீ. அறுப்பு உளியை 800 சுற்றில் நேராக இறக்குங்கள். கீறாமல் இறக்கினால் ஓரம் பிய்ந்து, வளையம் பல்லிளிக்கும். முடிந்ததும் பள்ளத்தின் சுவரிலும் ஒரு கை அரக்கு.

பதித்தல்

இயந்திரத்தின் மின்செருகியைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். குடுவை படுத்த நிலையில் இருப்பதால் மேல்நோக்கும் பகுதியில் மட்டும்தான் பொடி நிற்கும். ஆறு பங்காகப் பிரித்து, ஒரு பங்கு முடிந்தபின் கையால் திருப்பி அடுத்தது செய்யுங்கள்.

வெள்ளைக் கல்பொடி பசை பட்டதும் வெள்ளையாக இராது. கால்சைட்டும் பசையும் ஒளியை ஏறக்குறைய ஒரே மாதிரி வளைப்பதால், உப்புக்கல்லைத் தண்ணீரில் நனைத்தாற்போல் அரைகுறையாக ஊடுருவிப் பார்க்க முடியும். அடியிலிருக்கும் நிறம் மேலே தெரியும். பலர் இதைக் குறை என்று நினைத்துச் சுண்ணாம்பு கலக்கிறார்கள். நமக்கு இதுவே வேண்டும். பள்ளத்தின் அடியில் அரை மி.மீ. வண்டலைத் தூவி மெல்லிய சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ வகை) இரண்டு சொட்டு விட்டு இறுகவிடுங்கள். அதன்மேல் கல் நிரம்பியதும், தெளிந்த நீருக்கடியில் கலங்கல் படிந்ததுபோல வளையம் தெரியும்.

வண்டலில் ஈரம் இருந்தால் என்ன ஆகும்? இந்தப் பசை இறுகுவதே ஈரத்தால்தான். ஈரம் அதிகமானால் மேல்தோல் மட்டும் சட்டென்று இறுகிப் புகைந்து நுரைக்கும். உள்ளே பசை இறங்காது. கடையும்போது அந்தப் பகுதி முழுதும் பெயரும்.

அடுத்து குறுணை, அதன் இடுக்கில் ரவை, மேலே மாவு. ஒவ்வொன்றையும் மூங்கில் குச்சியால் அழுத்தி, பசையைச் சொட்டாக விடுங்கள். கொட்டக் கூடாது. மாவை முதலில் போட்டுவிட்டால் பசை கீழே இறங்காமல் மேலேயே தடுக்கும். விளிம்புக்கு மேல் 1 மி.மீ. குவியட்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் அரைமணி நேரம். அவசரத்துக்கென்று விற்கும், பசையைச் சட்டென இறுக வைக்கும் தெளிப்பானைத் தவிருங்கள். அதுவும் வெள்ளை நுரையைத்தான் தரும்.

வழியும் பசையைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் இந்தப் பசை பட்டால் கடுமையாகச் சூடேறிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பருத்திக் கையுறையும் ஆகாது, பாலிதீன் கையுறை போடுங்கள். ஆவி கண்ணைக் கரிக்கும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். எல்லாம் முடிந்ததும் ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

சமமாக்குதல்

மேடாக நிற்கும் கல்லை 500 சுற்றில், புதிதாகத் தீட்டிய சுரண்டு உளியால் தூசி தூசியாக எடுங்கள். அழுத்தினால் குறுணை பிடுங்கிக்கொண்டு வரும். மரத்துக்குச் சமமாக வரும்முன் உளியை நிறுத்திவிட்டு உப்புத்தாளுக்கு மாறுங்கள்: 80, 120, 180, 240, 320, 400. தாளுக்குப் பின்னால் தட்டையான மரத்துண்டு வைத்தே தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் மென்மையான மரம் குழிந்து, கல் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கத் தெரியாது, விரல் தடவினால் தெரியும்.

120ல் நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிக்குழிகள் இல்லாமல் ஒரு வளையமும் வருவதில்லை. அவற்றில் மாவைத் தேய்த்து ஒரு சொட்டுப் பசை விட்டு மறுபடி தேயுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகலாம். இந்த இடத்தில் சலித்துக்கொண்டால் குழிகளில் அழுக்கு ஏறி ஒரு மாதத்தில் கரும்புள்ளியாகும். ஒவ்வொரு தாள் மாற்றும் முன் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் தூசி கறுத்த மரத்தின் துளைகளில் ஏறிச் சாம்பல் பூத்துவிடும்.

அம்பாசமுத்திரம் சொப்புக் கடைசலில் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே மெருகேற்றுவார்கள். அழகான முறைதான், ஆனால் இங்கே அந்தச் சூடு பசையை இளக்கும், நிற அரக்கு கல்லின் மேலும் அப்பிக்கொள்ளும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கையே மெல்லியதாக நாலு கை, கைக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுப் பூசி, தேன்மெழுகு தேய்த்து முடியுங்கள்.

குடுவையை மொட்டிலிருந்து அறுத்து, அடியைக் கையால் தேய்த்து, நடுவில் சற்றுக் குழிவாக விடுங்கள். தட்டையாக விட்டால் ஆடும். அந்தக் குழிவில் தேதியையும் தண்ணீர் நின்ற உண்மையான உயரத்தையும் எழுதுங்கள்: 18.12.2023, 105 செ.மீ. எழுதியதன் மேல் ஒரு கை அரக்கு.